பதினேழாம் நம்பர் ஸ்பானர்

விசா மெடிக்கலில் ரத்தம் எடுத்தார்கள்,
நெஞ்சைப் படம் பிடித்தார்கள்.
தலைக்குள் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

"மயக்கம்னு சொல்லு, பித்தம்னு சொல்லு,
அந்தப் பேரை மட்டும் சொல்லிராத."
அம்மா என் கைப்பையின் ஜிப்பை
இரண்டு தடவை இழுத்து மூடினாள்.
உள்ளே சத்துமாவு டப்பா,
மாவுக்கு அடியில் மூன்று மாத மாத்திரை.

மஸ்கட், வாதி கபீர், டயர் கடை.
பில் போடுவது என் வேலை.
நாலு வருஷம், வேளைக்கு ஒன்றாய்,
குழாயைத் திறந்துவிட்டுத்தான் விழுங்கினேன்,
அட்டை உடையும் சத்தம் வெளியே கேட்காதபடி.

பிறகு ஒரு ஜூன்.
ஏசி கெட்டுப்போய் இரண்டு இரவு தூக்கமில்லை.
நாக்கில் செம்புக்காசின் ருசி வந்தது.
அதுவரைதான் எனக்குத் தெரியும்.

மிச்சத்தைக் கடை பார்த்தது.
ஊரில் என்றால் சாவிக்கொத்தைத் தேடுவார்கள்.
டயர் கடையில் இரும்புக்கா பஞ்சம்?
கடையநல்லூர் மைதீன் அண்ணன்
ஓடிவந்து கையில் திணித்தது
பதினேழாம் நம்பர் ஸ்பானர்.
கண் விழித்தபோது உள்ளங்கையில் அந்த எண்
இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது.
உதடு கிழிந்திருந்தது. யாரோ கரண்டியும் வைத்திருக்கிறார்கள்.
"காக்கா வலிப்பா?" என்றது ஒரு குரல்,
அடுத்தவர் கடனைப் பற்றிப் பேசுவதுபோல்.

வெளியே கண்டெய்னர் மேல் ஒரு காகம்
வாய் பிளந்து வெயிலில் மூச்சு வாங்கியது.
அதற்கு ஒரு வலிப்பும் இல்லை.

அன்று இரவு பெட்டியை அடுக்கினேன்.
காலையில் பெட்டியை விட்டுவிட்டு ஒரு தாளோடு போனேன்.
தமிழ், இந்தி. அரபியைப் பலூச்சி ரஜப் எழுதித் தந்தான்.
விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்:

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது.
விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
கையில் இரும்பு வேண்டாம், வாயில் ஒன்றும் வேண்டாம்.
கடிகாரத்தைப் பாருங்கள்.
ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.
கோமளவல்லி, பில் கவுண்டர்.

முதலாளி அதை மூன்று நாள் படித்தார்.
நான்காம் நாள், "மேல் ஸ்டோருக்கு நீ ஏற வேண்டாம்."
"ஏறுவேன். கைப்பிடி வைத்துக் கொடுங்கள்."
ஒரு மாதம் இழுத்தார். வைத்தார்.

ருவியில் தனி அறை எடுத்தேன்.
குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.
வாசல் சாவி ஒன்று என்னிடம், ஒன்று கீழ்வீட்டு ஷைனியிடம்.
அம்மாவிடம் எல்லாம் சொன்னேன்.
அழுதாள். அப்புறம் வாடகை எவ்வளவு என்று கேட்டாள்.

லைசென்ஸ் மட்டும் கிடையாது.
கார்களுக்காகக் கட்டிய ஊரில்
சிவப்புப் பஸ்ஸுக்காக நிற்கிறேன்,
தார் செருப்பில் ஒட்ட.

போன மாதம் மறுபடி.
எழுந்தபோது ஒருக்களித்துக் கிடந்தேன்,
தலைக்கு அடியில் மடித்த ட்யூப்.
ரஜப்புக்கு எழுதத் தாள் கிடைக்கவில்லையாம்,
பக்கத்துப் புது டயரில் சாக்பீஸால்
11:40
கீழே 11:42.
என் கை காலியாக இருந்தது.

அரைமணி கழித்து அந்தப் பில்லை நானே போட்டேன்.
நாலு டயர், வீல் அலைன்மென்ட்,
ஸூர் போகும் லேண்ட் க்ரூஸர்.
சாக்கை யாரும் துடைக்கவில்லை.
புழுதியில் இந்நேரம் அழிந்திருக்கும்.
அழியும்வரை
என் இரண்டு நிமிடம் நூற்றிருபதில் ஓடியிருக்கும்,
குரியாத் தாண்டி, கடலோரமாக,
லைசென்ஸ் இல்லாமல்.