எண்பதுக்கு மேல் போகாத கார்

சில்க் போர்டு மேம்பாலத்தின் அடியில்
நாற்பது நிமிடமாய் நிற்கிறோம்.
பந்தயம் பார்க்கப் போவதென்று
இங்கேதான் முடிவானது.

ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி ஸ்டான்லி சொன்னான்:
சனிக்கிழமை மூன்று மணிக்குக் கிளம்பினால்
நாலுக்குள் ஒசூர்,
கிருஷ்ணகிரியில் ஒரு டீ,
ஆம்பூரில் நிற்கப்போவதில்லை.
'நிற்கும்' என்றான் பின்சீட்டில் ரிஸ்வான்.
அந்நேரத்துக்குப் பிரியாணி ஏது என்றால்
அடுப்பு பற்ற வைக்கும் வாசமே போதுமாம்.
ஒன்பதுக்கெல்லாம் இருங்காட்டுக்கோட்டை.

டயர் கடை ரசீதின் பின்பக்கத்தில்
எழுதிக்கொண்டே வந்தேன்.
சுங்கச்சாவடி எத்தனை என்பதற்கு
மூன்று பேரிடம் மூன்று கணக்கு.
தொப்பி. தண்ணீர் கேன். காதில் வைக்கப் பஞ்சு.
பஞ்சை அடி என்றான் ரிஸ்வான்.
'காதை மூடிக்கொள்ளவா முந்நூறு கிலோமீட்டர்?'

அவன் ஒருமுறை போயிருக்கிறான்,
ஏதோ ஒரு டீமுக்கு எடுபிடியாக.
பந்தயம் நடந்த நேரமெல்லாம்
கொட்டகைக்குப் பின்னால்
டீசல் கேன் கழுவிக்கொண்டிருந்தானாம்.
எந்த வண்டி எந்த வளைவில்
கியர் இறக்கியது என்று இன்றைக்கும் சொல்வான்.
எந்த வண்டிக்கு என்ன நிறம் என்று
கேட்கக்கூடாது.

ஸ்டான்லியின் காருக்கு மஞ்சள் போர்டு.
முள் எண்பதைத் தொட்டதும்
உள்ளிருந்து யாரோ
சட்டைக்காலரைப் பிடித்த மாதிரி இருக்கும்.
ஐந்து வருடமாக அவன் எண்பத்தொன்றைப் பார்த்ததில்லை.
எண்பதையே
ஏர்போர்ட் ரோட்டில், அதுவும் விடிகாலையில்தான்.
'அவங்க போகட்டும், நான் பார்க்கிறேன்' என்கிறான்,
முன்னால் நகராத தண்ணீர் லாரியைப் பார்த்தபடி.

எனக்கு ஜெயிக்கிறவன் முகம் வேண்டாம்.
ஜே.சி. ரோட்டில் நான் பில் போடும் கடையில்
எந்த டயரையும் யாரும் சாக விடுவதில்லை.
நூல் தெரியத் தெரிய ஓட்டிவிட்டு
உருட்டிக்கொண்டு வந்து கேட்பார்கள்:
'இன்னொரு தீபாவளி தாங்குமாம்மா?'
அங்கேயோ
அரைமணி ஓடிய டயரைக் கழற்றிச்
சுவரோரம் சாய்த்துவிடுவார்களாம்.
வெல்லப்பாகு மாதிரி இளகி
கிடந்த பொடிக்கல்லையெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம்.
சூடு ஆறுவதற்குள்
ஒரு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.
அவ்வளவுதான்.

இரண்டு கார் நீளம் நகர்ந்தோம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது.
சனி ஞாயிறில் நாற்பது சவாரி முடித்தால்தான்
ஸ்டான்லிக்கு ஊக்கத்தொகை,
அது வந்தால்தான் மாதத் தவணை.
ஞாயிறு ரிஸ்வானின் அக்கா மகளுக்கு நிக்காஹ்,
பந்தல் முதல் பாத்திரம் வரை அவன் தலையில்.
சனிக்கிழமை என் கடையில் இருப்புக் கணக்கு.
அடித்து அடித்து
ரசீதில் ஓட்டை விழுந்தது.
யாரும் பேசவில்லை.
பக்கத்து ஆட்டோவில் ஒருவர்
கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார். தெரியாது என்றோம்.

'வெள்ளி?' என்றான் ஸ்டான்லி.

வெள்ளியன்று வெறும் பயிற்சி.
கோப்பை இல்லை, கொடி அசைவு இல்லை,
கூட்டமும் இருக்காது.
அதே வண்டிகள்தான், அதே சத்தம்தான்,
தோற்க மட்டும் ஆளில்லை.
'ஜும்மா?' என்றேன்.
'ஸ்ரீபெரும்புதூரில் பள்ளிவாசல் இருக்காதா என்ன'
என்று முடித்துவிட்டான் ரிஸ்வான்.
எனக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வரும்.
புதன் மாலையே
முதலாளி காதுபட இரும ஆரம்பிக்க வேண்டும்.

திடீரென்று முன்னால் இடம் விட்டது.
பின்னாலிருந்து அத்தனை ஹாரனும் ஒன்றாய்.
ஸ்டான்லி இரண்டாவது கியருக்குப் போனான்,
இன்றைக்கு முதல்முறையாக.

ரசீதை மடிக்கும்போதுதான் முன்பக்கம் பார்த்தேன்.
மாலூர் முனிராஜு, லாரி டயர் இரண்டு,
பாக்கி எண்ணூற்றைம்பது.
காலையில் முதல் வேலையாக
இதை வேறு தாளில் எழுதி வைக்க வேண்டும்.