குமாலா

மற்ற சொல்லுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது.
செக்கருக்கு இஞ்சி என்று பெயர் வைத்தது ஜெபக்கனி.
அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.
சம்பளம் பிசானம். முன்பணம் கார்,
முதலில் கைக்கு வருவது அதுதானே.

முக்கூடல் பீடிக்கடைப் பின்கட்டில் நாங்கள் மூன்று பேர்
சுளகை மடியில் வைத்து, கை ஓட ஓட
வாயால் சுற்றிய பாஷை.
இலை நறுக்கும்போது வினைச்சொல்,
தூள் அள்ளும்போது வேற்றுமை உருபு.

குமாலா மட்டும்
யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை.

நல்ல கட்டு ஒன்றைக் கழிவென்று தள்ளி
சாயங்காலம் தன் பைக்குள் போட்டுக்கொள்வார் இஞ்சி,
முதலில் அதற்குத்தான் சொன்னோம்.
அப்புறம், பெண் பார்த்து, பஜ்ஜி தின்று,
பதில் சொல்லாமல் போனவர்களுக்கு.
மாதாந்திர வயிற்றுவலிக்கு.
மழையே இல்லாமல் ஆற்றில் தண்ணீர் கூடினால் அதற்கும்.

எதிரே முத்துக்குமார் லாட்ஜ் பலகையில்
காற்றுக்கு உதிர்ந்தது போக மிஞ்சிய எழுத்து, என்றேன் நான்.
"போளா, அந்த லாட்ஜு தொறந்ததே
நம்ம பாஷைக்குப் பொறவுதான்" என்றாள் செய்யதம்மா.
அவள் தம்பி குல்பி கேட்டு அழுத அழுகையாம் அது.
தம்பி இப்போது துபாயில்.
வாட்ஸப்பில் கேட்டோம்,
தனக்குக் குல்பியே பிடிக்காது என்கிறான்.
கத்தரி கிண்ணத்தில் விழுந்த சத்தம் என்பது ஜெபக்கனி கட்சி.
போட்டுப் பார்த்தோம்.
ணங் என்றது.

எங்கள் பாஷையிலேயே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால்
அதில் இறந்தகாலம் கிடையாது.
பதினேழு வயதில் அது தேவைப்படவில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்பை பஸ் ஸ்டாண்டில்
இஞ்சியைப் பார்த்தேன்.
மீசை முழுக்க நரை, அக்குளில் அதே ரெக்சின் பை.
கை காட்டியும் நிற்காமல் போய்விட்டது பாபநாசம் வண்டி.
யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில்
தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்:
குமாலா.

எங்களிடம் ஒட்டுக்கேட்டதா?
இல்லை, நாங்கள்தான்
அவர் பைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டோமா?

கேட்கத்தான் பக்கத்தில் போனேன்.
"நீ சன்னலோரம் இருந்த பிள்ளைல்லா" என்றார்.
"ஒன் கட்டு ஒண்ணுகூடக் கழிவே இல்ல, தெரியுமா."

அடுத்த வண்டி வந்தது. ஏறிவிட்டார்.
மற்ற இரண்டு பேருக்கும்
இன்னும் சொல்லவில்லை.