ஆளில்லாத அறை

அப்பா எதிலும் தேதி எழுதுவார்.
சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியில்,
கேஸ் சிலிண்டரின் கழுத்தில்,
புதுச் செருப்பின் அடியில்,
டியூப் லைட்டின் வெள்ளை முனையில்.
எட்டை மட்டும் இரண்டு வட்டமாகப் போடுவார்,
ஒன்றின்மேல் ஒன்று,
தொட்டும் தொடாமலும்.

ஈ.பி.யில் ரீடிங் எடுக்கிற வேலை.
ஓட்டேரி, அயனாவரம், கொன்னூர் நெடுஞ்சாலை.
முப்பத்தொரு வருஷம்
மாடிப்படிக்கு அடியிலும் சைக்கிள்களுக்குப் பின்னாலும்
குனிந்து நிமிர்ந்த முதுகு.
தணிகாசலம் என்ற பெயர்
தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.
நாய்களுக்கு அவரைத் தெரியும்.

யூனிட்டைப் பார்த்தே வீட்டைச் சொல்வார்.
"பன்னெண்டாம் நம்பர்ல யாருக்கோ உடம்பு முடியல,
ராத்திரியெல்லாம் ஃபேன் ஓடியிருக்கு."
"மாடி வீட்டுப் பையன் வெளியூர் போயிட்டான்போல,
பாதியா கொறஞ்சிருக்கு."
எங்கள் மீட்டர் வேறொருவர் கணக்கில் இருந்தது.
எங்களைப் பற்றி அவர் என்ன சொன்னாரோ.

வீட்டில் சட்டம் ஒன்றே ஒன்று:
"ஆளில்லாத ரூம்ல லைட் யாருக்கு எரியுது?"
அக்கா கல்யாணத்தன்று
மணமகள் அறையில் யாருமில்லை என்று
அணைத்துவிட்டார்.
உள்ளே அத்தை புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.
இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம்,
அத்தையைத் தவிர.

எனக்கு இருட்டென்றால் பயம்.
ஆறு வயதில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு கேட்டேன்.
"கண்ண மூடினா எல்லாம் இருட்டுதான்" என்றார்.
அணைத்தார்.
இதையும் எழுத வேண்டும்.
துக்கம் கேட்க வந்தவர்கள்
தங்கமான மனுஷன் என்றபோதெல்லாம்
அந்த இருட்டும் கூடவே வந்து உட்கார்ந்தது.

பிறகு அந்த ஜூன் மாதம்.
கோயம்பேட்டில் விடிவதற்குள் இறங்கி
இரண்டு பைகளோடும் மூன்று வயது நன்மாறனோடும்
வாசலில் நின்றேன்.
அம்மா அழுதாள்.
அப்பா ஏன் என்று கேட்கவில்லை,
எத்தனை நாள் என்றும்.
சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.
கடை திறக்கும்வரை அங்கேயே நின்றிருக்க வேண்டும்,
ஒன்பதரைக்கு ஒரு புது பல்போடு வந்தார்.
ஸ்டூல் போட்டு ஏறிப்
பின்னறையின் பழைய பல்பைக் கழற்றினார்.
அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.
"இந்த ரூமுக்கு வெளிச்சம் பத்தாது."
பேனா மூடியைப் பல்லால் திறந்து
தேதி எழுதினார்.
பதினெட்டு, ஆறு, பதினெட்டு.
நான்கு வட்டங்கள்.

பையனுக்கும் இருட்டென்றால் பயம்.
தாத்தா கூடத்து விளக்கை
விடிய விடிய எரியவிட்டார்.
தன் சட்டத்தைத் தானே உடைத்துவிட்டு
பில் வருகிற நாளில்
யார் முகத்தையும் பார்க்காமல் பேப்பர் படித்தார்.
எனக்குப் பொறாமையாக இருந்தது,
முப்பத்து நாலு வயதில்,
பெற்ற மகன்மேல்.

ஒரு டிசம்பர்ப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லை.
பகலில், லைன்மேனைத் திட்டியவர்களோடு சண்டை.
இரவில், தூங்குகிற பேரன்மேல் கொசு அண்டாமல்
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்,
கை மாற்றிக் கை மாற்றி.

போன தையில், கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி.
எதிர்க் கட்டில் காலியான மத்தியானம்
அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
எழுந்துபோய் அணைத்தேன்.
நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

பின்னறை பல்பு இன்னும் எரிகிறது.
சூட்டில் மை மங்கி
ஆறு போய்விட்டது,
எட்டுகள் இருக்கின்றன.
அங்கே இப்போது யாரும் படுப்பதில்லை.
நன்மாறனுக்குக் கூடம், எனக்கு அம்மா பக்கம்.
ராத்திரி கதவைச் சாத்தும்போது
கை தானாக சுவிட்சுக்குப் போகிறது.
நிற்கிறது.

யாருக்கு எரியுது என்று கேட்டால்
சொல்லிவிடுவேன்.
மாடிப்படிக்கு அடியில்
மீட்டரின் சின்னச் சிவப்பு
விட்டு விட்டு மினுங்குகிறது.