எட்டடிக்கு ஓர் அங்குலம்

மழை நாளில்தான் வேலைக்குப் போவேன்.
வெயிலில் எல்லா முற்றமும் யோக்கியம்.

ஏப்ரல் கடைசி. ஹான்காக் மேட்டுத் தெரு,
சுப்பீரியர் ஏரிக் காற்று முகத்தில்.
பாதிப் பனி உருகியிருந்தது. மீதி
அழுக்கேறி வேலியோரம் குந்தியிருந்தது.
அதன் தலையில் மழை.
போக வழியற்ற தண்ணீர்
வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது,
கடன் கேட்க வந்துவிட்டு
வாய் திறக்காமல் நிற்பவனைப் போல.

ரெய்னோ சாரெலா முழங்கால் பூட்ஸில் நின்றார்.
வா என்றும் சொல்லவில்லை. மேற்கே கை நீட்டினார்.
"டெர்வோ வீட்டுத் தண்ணீர். பதினோரு வருஷம்."
நிலவறைக்குள் மேற்குச் சுவர்
முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது.
உருளைக்கிழங்கு மூட்டை பலகை மேல்.
பனிச்சறுக்குக் கட்டைகள் ஆணியில்.
தரையில் எதுவுமே இல்லை.
தரையை அவர் எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டார்.

முதலில் ஒரு குழி, முழங்கை ஆழம்,
உறைமண் இளகிய தெற்குப் பக்கமாக.
ஒரு வாளி ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம்.
அவர் கடிகாரம் பார்த்தார்,
நான் குச்சியில் கோடு கிழித்தேன்.
ஒரு மணி நேரத்தில் அரை விரல் இறங்கியது.
செங்களி. பானை வனையலாம்.

பிறகு நூல். சுவரோரம் ஒரு முளை,
வேலியோரம் ஒரு முளை, நடுவே ரசமட்டம்.
குமிழி நடுவுக்கு வந்ததும் அளந்தேன்.
திரும்பவும் அளந்தேன்.
டெர்வோவின் புல்தரை
இவருடையதைவிட நாலு அங்குலம் தாழ்வு.
வருஷா வருஷம் அந்த மனிதர் வாரிக் குவிக்கும் பனிதான்
கண்ணுக்கு மேடாகியிருக்கிறது.
தண்ணீருக்குப் பகை தெரியாது. மேடேறவும் தெரியாது.

இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சாயப் பொடியைப் பிரித்து
ரெய்னோவின் கூரைக்குழாய்
மண்ணுக்குள் நுழையும் வாயில் கொட்டினேன்.
கிளிப்பச்சை.
கீழே போய் விளக்கைப் பிடித்தோம்.
பத்து நிமிஷம். பன்னிரண்டு.
சுவரின் அடிமூலையில் ஒரு பச்சைப் பொட்டு.
பிறகு ஓர் இழை.
பிறகு, வாதாட முடியாத அளவுக்குப் பச்சை.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.
"அந்தக் குழாய் மேல் காங்கிரீட் போட்டது நான்தான்.
சவுனாவிலிருந்து வெறுங்காலோடு வருவாள் சைமா,
சேறு படக்கூடாதென்று.
லாரியின் பின்சக்கரம் ஏறியபோது
ஏதோ நொறுங்கியது கேட்டது. வேர் என்று நினைத்தேன்."
எத்தனை வருஷம் முன்பு என்று நான் கேட்கவில்லை.
அவரே விரல்விட்டு எண்ணினார்.
பத்து விரலும் தீர்ந்து
இன்னும் ஒன்று வேண்டியிருந்தது.

மருந்து என்னவோ எளிதுதான்:
சுவரோரம் மண்ணேற்றி, வாய்க்கால் வெட்டி,
துணி விரித்து, கூழாங்கல் பரப்பி,
துளைக்குழாய், துளைகள் கீழ்நோக்கி,
மேலே மறுபடி கல்.
எட்டடிக்கு ஓர் அங்குலம் சரிவு. குறைந்தால் தேங்கும்.
ஆனால் எப்படிக் கணக்குப் போட்டாலும்
அந்தச் சரிவு போய் முடிகிற ஒரே இடம்
டெர்வோவின் கொல்லைக்குப் பின்னாலுள்ள ஓடை.

வரைபடத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
ரெய்னோ நாற்பதடி நடந்தார்.
நான் வண்டியில் ஏறி
ஒட்டுக்கேட்க வசதியாக வைப்பரை நிறுத்தினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
கதவு திறந்தது. மூடாமல் கிடந்தது.
காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது,
வீட்டுச் செருப்போடு மழையில் வந்து
டெர்வோ என் கண்ணாடியைத் தட்டினார்.
"குழாய் எத்தனை அங்குலம்?"
"நாலு."
"ஆறாகப் போடு. என் கூரைத் தண்ணீரும் அதிலேயே போகட்டும்."

ஜூனில் தோண்டினோம்.
நசுங்கிய பழைய குழாயை வெளியே இழுத்தபோது
உள்ளே களி, வேர், இன்னும் கொஞ்சம் பச்சை.
குப்பையில் போட ரெய்னோ விடவில்லை.
அதில் ஒரு துண்டு நிலவறை வாசலில் கிடக்கிறது,
காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க.