உடுக்குறி

மூன்று மொழியிலும் ஒரே நாளில் வெளிவரும்
என்றுதான் சுற்றறிக்கை சொன்னது.
சிங்களம் மாசியில் வந்தது. ஆங்கிலம் பங்குனியில்.
தமிழ் அச்சகத்தில் கிடந்தது,
ழகரம் வரும் இடமெல்லாம் வெறும் பெட்டி விழுந்து.
அட்டையிலேயே 'கொ□ம்பு'.
மருதானைக்கு நானே போய் நின்று
பெட்டி பெட்டியாகத் திறந்து
எழுத்தை உள்ளே குடிவைத்தேன்.
வீடுகளின் கணக்கெடுப்பு அது.
பெட்டிக்குள் நெருங்கிக் கிடப்பது
அதற்குப் புதிதில்லை.

என் வேலை, மறைப்பது.
முதலில் பெயரை எடுப்பேன்,
பிறகு கதவிலக்கம், தொலைபேசி.
பிறந்த தேதியை வயதாக்கி
வயதை ஐந்தைந்தாய்க் கட்டுவேன்.
மிஞ்சுவது:
கூரை தகரம். சுவர் பலகை.
குழாய்நீர் வளவுக்கு வெளியே. மலசலகூடம் பொது.
அறை ஒன்று, ஆட்கள் ஒன்பது.
ஒரு கட்டத்தில் எண் ஐந்துக்குக் குறைந்தால்
அதை அழித்து உடுக்குறி இடவேண்டும்.
யாரும் யாரையும் கண்டுபிடித்துவிடக் கூடாது.

நல்ல சட்டம்.
எண்பத்துமூன்றில், வெள்ளவத்தையில்,
கையில் பட்டியலோடு வீடு பார்த்து வந்தவர்களை
பின்மதில் மேலிருந்து கண்டவர் அப்பா.
அதனால் ஒவ்வோர் உடுவையும்
விளக்கு வைப்பதுபோல் வைத்தேன்.

புத்தகம் அறுநூற்றைம்பது ரூபா.
இறுவட்டு ஆயிரத்து இருநூறு.
மாணவருக்குப் பாதி, கடிதம் வேண்டும்.
முதல் வாரம் வாங்கியவர்கள்
இரண்டு வங்கி, ஒரு பல்கலைக்கழகம்,
தொடர்மாடிக் கம்பனி ஒன்றிலிருந்து
கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர்.
அவருக்கு மட்டும் ஐந்து இறுவட்டு.

வியாழன் மத்தியானம்
ருவந்திகா சாப்பிடப் போயிருந்தாள்.
கருமபீடத்தில் நான் தனியே.
கொம்பனித்தெருவிலிருந்து நூர் ஜெஸீமா வந்தார்,
சீலைப் பையில் ஒரு கதவுத் துண்டோடு.
அதில் எங்கள் பச்சை ஒட்டுச்சீட்டு,
மழையில் ஊறியும் இலக்கம் தெரிந்தது.
பெக்கோ வந்த காலையில்
அதை மட்டும் அறுத்தெடுத்தாராம்.

"நட்டஈடு ஒஃபிஸ்ல செல்றாங்க
அந்த லேன்ல ஊடே ஈக்கல்ல எண்டு.
நீங்க வந்து எண்ணின தானே,
அந்தப் புள்ள ரெண்டு தரம் வந்து
பிளேன்டீயும் குடிச்ச.
எங்கட பேரீக்கிற பக்கத்த மட்டும்
கொப்பி எடுத்துத் தாங்க."

அட்டவணை பதினொன்று.
அந்தப் பிரிவு. அந்த வரிசை.
பலகைச் சுவர், தகரக் கூரை,
சொந்தம், உறுதி இல்லை.
விரல் போய் நின்ற இடத்தில்
நானே வைத்த உடு.

"இது என்ன, பூவா?"

நாலு அல்லது அதற்குக் குறைவு என்று அர்த்தம்,
என்றேன்.

"நாலுதான். நாங்க, றாசிக் காக்கா, ஸிதாரா,
மத்தது தைக்கிற மெரீனாட."
விரலை மடக்கி எனக்குக் காட்டினார்.
ஒரு விரல் நிமிர்ந்தே நின்றது.
இன்னொரு குடும்பம் இருந்திருந்தால்
அச்சில் வந்திருப்பார்கள்.

அடையாளம் தெரியக்கூடாதென்றுதான்
அப்படிச் செய்தோம் என்று தொடங்கினேன்.

"எங்களத் தெரியாட்டி
பெக்கோ மட்டும் எப்பிடிச் சரியா வந்திச்சி?"

மின்விசிறி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன்.
அவர் பையைத் துழாவி
நூறும் ஐம்பதுமாய் எண்ணி வைத்தார்.
அதில் பெயர் இல்லையே, வேண்டாம், என்றேன்.
"ஈக்கட்டும். எங்கட ஊடு அதுக்குள்ள ஈக்கி."

விற்பனைப் பற்றுச்சீட்டில்
வாங்குபவர் விபரம் எழுதவேண்டும்.
பொதுவாக 'ரொக்கம்' என்று கிறுக்கிவிடுவேன்.
அன்று கேட்டுக் கேட்டு எழுதினேன்:
முழுப் பெயர். கதவிலக்கம் நாற்பத்தொன்றின் கீழ் ஆறு.
லேனின் பெயர், கொழும்பு இரண்டு.
தேதி. திணைக்கள முத்திரை.
அடியில் கிடந்த கரித்தாளிலும் பதியட்டும் என்று
பேனையை நன்றாக அழுத்தி.