மானை இழுப்பவள்

நான் மானை இழுப்பவள்.
கயானி ஊருக்கு வடக்கே, பிர்ச் மரங்களை வெட்டி ஒதுக்கிய
வழுக்கல் தளத்தில்,
செவ்வாயும் வெள்ளியும், காலை எட்டிலிருந்து.

மான் என்றால்
பழைய சோபாவின் நுரை, லாரித் தார்ப்பாய்,
நான்கு துடைப்பக் கம்பு, அடியில் தள்ளுவண்டிச் சக்கரம்.
கண்ணுக்கு இரண்டு கோட்டுப் பொத்தான்;
ஒன்று கொஞ்சம் பெரிது.
மூஸ் மானின் உயரம் மட்டும் உண்மையானது:
காரின் வெளிச்சம் காலில்தான் படும்,
உடம்பு கண்ணாடிக்கு நேரே நிற்கும்.

பலகைத் தட்டிக்குப் பின்னால்
கயிற்றோடு குந்தியிருப்பேன்.
வாக்கி டாக்கியில் ஹில்க்கா
"வருது" என்பாள்.
மூன்று எண்ணி இழுப்பேன்.

பத்து வருஷத்தில் காது பழகிவிட்டது,
டயரின் ஓசையிலேயே வேகம் தெரியும்.
ஐம்பதில் வருபவன்
மூக்குக்கு முன்னால் நிற்கிறான்.
அறுபதில் வருபவனும்
அதே பிரேக்கை, அதே பயத்தோடு,
அதே பலத்தோடுதான் மிதிக்கிறான்.
பத்துதான் வித்தியாசம்.
அந்தப் பத்தைச் சாயங்காலம்
தூண்டில் நரம்பால் தைக்கிறேன்.

பதினெட்டு வயதுக்காரர்கள் சிரிப்பார்கள்.
இடித்ததும் இறங்கி
அறுந்த தலையோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.
சிரிக்கட்டும்.
இங்கே சிரிக்கலாம் என்பதற்காகத்தான்
இந்தத் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றி உறையவைக்கிறோம்.
போன ஜனவரியில் பிஹ்லா என்றொரு பெண்
மோதவில்லை;
மூன்று சுற்று பம்பரமாய்ச் சுழன்று
பனிக் குவியலில் செருகி நின்றாள்.
கதவைத் திறந்ததும் கேட்டாள்:
"மானுக்கு ஒண்ணும் ஆகலையே?"
அப்போதே லைசென்ஸ் கொடுத்திருப்பேன்.
கொடுப்பது நான் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள் லாரிக்காரர்கள்.
ஐந்து வருஷத்துக்கொரு முறை
சட்டத்துக்காக வந்து உட்கார வேண்டிய வகுப்பு.
மரம் ஏற்றிப் போகிறவர்கள். கைகட்டியிருந்தார்கள்.
இடைவெளி, வேகம், தூக்கம் என்று
ஹில்க்கா பலகையில் எழுத எழுத
ஜன்னலைப் பார்த்தார்கள்.
"இருபத்தாறு வருஷமா ஓட்டறேன்" என்றார் ஆர்மாஸ்.
மற்றவர்கள் தலையசைத்தார்கள்,
ஏதோ அதுவே பாடம் என்பதுபோல.

பயிற்சிக் காரில் மோதிய பின்
அவர் இறங்கவில்லை.
வைப்பர் ஓடிக்கொண்டே இருந்தது. மழை இல்லை.
பானட்டின் மேல் தார்ப்பாய் கிடந்தது.
கயிற்றைப் பிடித்தபடியே போய்க்
கண்ணாடியைத் தட்டினேன்.
இறக்கினார். என்னைப் பார்க்காமல்,
"இது முதல் தடவை இல்ல" என்றார்.
மான்தானா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

"இன்னொரு தரம் இழுங்க."

பொத்தான் ஒன்று தெறித்துப் போயிருந்தது.
ஒற்றைக் கண்ணோடு மானை நிறுத்தினேன்.
ஓசை வந்தது. ஐம்பதுகூட இல்லை.
மூன்று எண்ணினேன்.

நின்றது.
இறங்கினார். குளிர்கால பூட்ஸைக்
குதிகாலும் நுனியுமாய் ஒட்டி ஒட்டி வைத்து
பம்பரிலிருந்து மான்வரை நடந்தார்.
நான்கு. நான்கரை.
திரும்பவும் எண்ணினார்,
கணக்கில் பிழை இருக்க வேண்டும் என்பதுபோல.

"இவ்வளவுதானா?"
ஹில்க்கா அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
பதில் சொல்ல நான்தான் இருந்தேன்.
"இவ்வளவுதான்."

பொத்தான் கிடைக்கவில்லை.
பனி உருகினால் ஏப்ரலில் கிடைக்கும்.

வீட்டுக்குப் போகும் வழியில் போன் அடித்தது,
பின்சீட்டில், பைக்குள்.
அடித்து ஓயட்டும் என்று விட்டேன்.
எழுபதில் போக வேண்டிய வளைவில்
எழுபதில் போனேன்.
பின்னால் ஒருவன் விளக்கை மின்னி மின்னி அவசரப்படுத்தினான்,
பிறகு முந்திக்கொண்டு போனான்;
அவனுடைய சிவப்பு வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போவதை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபக்கமும் காடு.
குறுக்கே
எதுவும் வரவில்லை.