ஒன்றரை எட்டு

கோயில்வாடி ஐஸ் கம்பெனியில்
எனக்கு இரவுக் கணக்கு.
பில் புத்தகத்தின் முதுகில்
ஏ மைனர் எழுதி வைத்திருக்கிறேன்.
மேசையில் பழைய கீபோர்டு.

ஆறாவது சுரம் வரை
தரையில் நடக்கிற மாதிரிதான்.
ஏழாவது மட்டும்
ஒன்றரை எட்டு தள்ளி நிற்கிறது:
அருகருகே கட்டிய விசைப்படகுகளுக்கு நடுவே
வாடைக்காற்று திறந்துவிடுகிற தண்ணீர்.

"கீரவாணிதானே, இதுக்கு எதுக்கு
இங்கிலீஷ் பேரு?" என்றான்
ஐஸ் உடைக்கும் சவரிராயன்.
சொல்லிக்கொண்டே கூடையோடு
ஒன்றிலிருந்து அடுத்ததுக்குத் தாவினான்,
கீழே பார்க்காமல்.

நான் பார்ப்பேன். அதுதான் கோளாறு.
எஃப்பில் நின்று
எத்தனை ராத்திரி குனிந்து பார்த்திருப்பேன்.

இன்று ஜி ஷார்ப்
அழுத்தியதும் உள்ளேயே தங்கிவிட்டது.
உப்பு.
அந்த ஒன்றை மட்டும்
வாயால் பாடிவிட்டு
மேல் ஏயில் கால் வைத்தேன்.

ஆடியது.
நின்றேன்.